என் காலும் ஊர் வாரியமும்

நேற்றுச் சாயங்காலம் காவாந்தண்டலத்தில் பஸ்ஸைவிட்டு நொண்டிக்கொண்டே இறங்கினேன். டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவர், வாயில் பஜ்ஜியோடு, "இன்னா சார், சுகரா?" என்றார். "நரம்பு" என்றேன். "அப்ப வாயுதான்" என்று பக்கத்து ஆள் தீர்ப்பே எழுதிவிட்டார். மூன்றாமவர், சுட்ட செங்கல்மேல் எருக்க இலையைப் போட்டு மிதிக்கச் சொன்னார். அது குதிகாலுக்கு, எனக்கு வலி முன்பாதத்தில் என்றால், "எல்லாம் ஒரே கால்தானே சார்?"

எனக்கு வந்திருப்பது இதுதான்: கால்விரல்களில் மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுவே ஓடுகிற நரம்பு நசுங்கித் தடித்துவிடுகிறது. செருப்புக்குள் கூழாங்கல் கிடப்பதுபோல் உறுத்தும். உதறினால் ஒன்றும் விழாது. 1876இல் பிலடெல்பியாவில் தாமஸ் மார்ட்டன் என்ற டாக்டர் இந்த வலியைப் பற்றி எழுதினார்; பெயரும் மார்ட்டன் நியூரோமா என்றாகிவிட்டது. எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து எழுதியிருந்தால் அவரும் வாயு என்றே எழுதியிருப்பார்.

இதற்கு என்ன வைத்தியம் என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் ஒன்று. பக்கத்து உத்திரமேரூரில், ஊர்ச் சபையின் வாரியத்தில் உட்கார யாருக்குத் தகுதி என்று பராந்தக சோழன் காலத்திலேயே, 919லும் 921லும், கோயில் சுவரில் வெட்டி வைத்தார்கள். 921இல் வெட்டியதன்படி வயது 35க்கு மேல், 70க்குள். சொந்த மனையில் வீடு. வைத்தியம் சொல்பவருக்கும் அப்படி ஒரு சட்டம் வேண்டாமா? சொந்தக் கால் இருக்க வேண்டும். அது ஒரு தடவையாவது வலித்திருக்க வேண்டும். ஒருமுறை யோசனை சொன்னவர் அடுத்த மூன்று வருஷம் வாய் திறக்கக் கூடாது. கணக்குக் காட்டாதவரை உறவுக்காரர்களோடு சேர்த்துத் தள்ளி வைத்தது அந்தச் சபை. போன தடவை சொன்ன தைலம் என்ன ஆயிற்று என்று கணக்குக் காட்டாதவரை நானும் தள்ளுகிறேன். அவர் சித்தி மகன், பெரியம்மா மகன், அத்தை மகன், மச்சான், மாமனார், மாப்பிள்ளை எல்லோரையும் சேர்த்துத்தான். மிச்சமுள்ளவர்களின் யோசனைகளை, அந்தச் சபை ஆள் தேர்ந்தெடுத்தது போலவே, ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாத சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லலாம். பெஞ்சுத் தீர்ப்பைவிட மோசமாக எதுவும் வந்துவிடாது.

டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: முன்பக்கம் அகலமான எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு, விரல் எலும்புகளின் முனைக்குச் சற்றுப் பின்னால் முட்டுக்கொடுக்க ஒரு சின்ன மெத்தை. கேட்காவிட்டால் ஊசி. அதற்கும் மசியாவிட்டால் நரம்பையே வெட்டி எடுப்பார்களாம், விரலிடுக்கு மரத்துப்போகும். செருப்பு, மெத்தை எல்லாம் சரி. கோயில், கல்யாண மண்டபம், சொந்தக்காரர் வீடு, எங்கே போனாலும் வாசலிலேயே கழற்றிவிட்டுக் கிரானைட் தரையில் வெறுங்காலோடு நிற்க வேண்டியிருக்கிறதே. "வீட்டுக்குள்ளயும் போட்டுக்கிட்டு நடங்க" என்கிறார் டாக்டர். சமையலறை வாசலில் அம்மா நிற்கிறாள். அவரையே நேரில் வந்து அம்மாவிடம் பேசச் சொல்லியிருக்கிறேன்.