மச்சான் வண்டிக்கு ஒரு மெய்க்கீர்த்தி

கோயம்புத்தூரில் வண்டி தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. லேத் பட்டறை, வார்ப்படப் பட்டறை, பம்ப்செட் கம்பெனி என்று இரும்போடு புழங்கிப் பழகிய ஊர். அப்படிப்பட்ட ஊரிலும் ஒருவரைத் தனியாக எடுத்துப் பாராட்டச் சொன்னால் நான் என் மச்சானைத்தான் சொல்வேன். வீட்டம்மாவின் அண்ணன் என்பதற்காக அல்ல. சுசுகிக்காரர்கள் வரைந்து, மாருதிக்காரர்கள் 1993-லிருந்து 2006 வரை செய்து விற்ற ஜென் காரில், அத்தனை இன்ஜினீயர்களும் கவனிக்கத் தவறிய குறைகளைத் தனியாளாக நின்று கண்டுபிடித்தவர் அவர். குறை இல்லாத இடங்களில் கைக்காசு போட்டு உண்டாக்கியும் வைத்திருக்கிறார்.

மச்சானுடையது 2001 மாடல். 993 சிசி, நாலு சிலிண்டர், அலுமினிய இன்ஜின், 60 குதிரைத்திறன். வண்டியின் எடை முக்கால் டன்னை ஒட்டித்தான் வரும். அந்த 60 குதிரைக்கு இழுக்க வேண்டிய பாரம் இவ்வளவுதான் என்பதால், சிக்னலில் பச்சை விழுந்ததும் ஜென் துள்ளிக்கொண்டு கிளம்பும். சந்துபொந்துகளில் சொன்ன பக்கம் திரும்பும். ஓட்டத் தெரிந்தவர்கள் இன்றைக்கும் நல்ல ஜென் ஒன்று கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இந்த எடைக் கணக்குதான். இவ்வளவு லேசான வண்டி காற்றடித்தால் பறந்துவிடுமே என்ற கவலை மச்சானுக்குத்தான் முதலில் வந்தது. டிக்கியில் பிளைவுட் பெட்டி கட்டி சப்வூஃபர் வைத்தார். அதற்கு ஒரு ஆம்ப்ளிஃபையர், அந்த ஆம்ப்ளிஃபையருக்குத் தனியாக ஒரு பேட்டரி. வண்டியைச் சுற்றி ஃபைபர் பாவாடை. இப்போது எந்த ஆடிக்காற்றும் அதை அசைக்காது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலும் சட்டென்று அசைவதில்லை என்பது வேறு விஷயம்.

இதே ஊரில் கரிவர்தன் என்று ஒருவர் இருந்தார். மாருதி 800-இன் 796 சிசி இன்ஜினை எடுத்து, தேவையில்லாத இரும்பையெல்லாம் ஒதுக்கிவிட்டு, ஒரே ஒருவர் உட்காரும் பந்தயக் கார் செய்தார். ஃபார்முலா மாருதி என்று பெயர். 2005-இல் ஃபார்முலா ஒன் போட்டியில் ஓட்டிய முதல் இந்தியரான நம்ம ஊர் நரேன் கார்த்திகேயன்கூட ஆரம்பத்தில் ஃபார்முலா மாருதியில் ஓட்டியவர்தான். இன்ஜினைப் பெரிதாக்காமல் எடையைக் குறைத்தே வேகம் காணலாம் என்று காட்டியவர் கரிவர்தன். 1995-இல் விமான விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். இருந்திருந்தால் என் மச்சானைப் பார்த்து நிறையக் கற்றுக்கொண்டிருப்பார். இன்ஜினைத் தொடாமலே வேகத்தைக் குறைப்பது எப்படி என்ற பாடம் அவருக்குக் கிடைக்காமலே போய்விட்டது.

இன்ஜினைத் தொடவே இல்லை என்றும் சொல்லிவிடக் கூடாது. பானட்டைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது செக்கச்செவேலென்று ஒரு கூம்பு ஃபில்டர். கம்பெனி கொடுத்தது ஒரு கறுப்புப் பெட்டிக்குள் அடக்கமாக உட்கார்ந்து, வெளிக்காற்றைக் குழாய் வழியாக இழுத்துக்கொண்டிருந்தது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதில் ஆக்ஸிஜன் கூடுதல், இன்ஜினுக்கு அதுதான் தெம்பு. மச்சான் பெட்டியையும் குழாயையும் கழற்றி எறிந்துவிட்டு, ரேடியேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் காய்ச்சி வைத்திருக்கிற காற்றையே இன்ஜினுக்குப் புகட்டுகிறார். சித்திரை வெயிலிலும் பேரனுக்கு வெந்நீர்தான் கொடுப்பேன் என்று நிற்கிற பாட்டியின் அக்கறை அது. "உறிஞ்சுற சத்தம் கேக்குதா மாப்ள?" என்று கேட்பார். கேட்கிறது. ஃபில்டர் தன் கடமையைச் செய்துவிட்டது.

சைலன்சர் விஷயத்தில் மச்சானின் ஜீவகாருண்யம் தெரியும். ஃப்ரீ ஃப்ளோ என்று வாய் அகன்ற குழாய் ஒன்றை வெல்டிங் வைத்து மாட்டியிருக்கிறார். குறைந்த ஆர்பிஎம்மில் இருந்த கொஞ்சநஞ்ச இழுவையும் அந்த வழியாக வெளியே போய்விட்டது. சத்தம் மட்டும் ஆழியாற்றில் புறப்பட்டால் அட்டகட்டியில் கேட்கும். வால்பாறை ரோட்டின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் அவருடன் ஒருமுறை போயிருக்கிறேன். சாதாரண வண்டிகளுக்கு அங்கே வரையாடுகள் குறுக்கே வந்து நிற்கும், பார்த்து ஓட்ட வேண்டும். மச்சான் வண்டிக்கு அந்தச் சங்கடம் இல்லை. நாங்கள் வருவதற்கு ரெண்டு வளைவு முன்னதாகவே ஆடுகள் பாறை உச்சிக்கு ஏறியிருந்தன. எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள்தான் பாவம், ஒரு வரையாட்டைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

தரையோடு தரையாக நிற்பதுதான் அழகு என்று ஸ்பிரிங்குகளை அறுத்தார். விலை கொடுத்தால் அளவெடுத்துச் செய்த குட்டை ஸ்பிரிங்கும் அதற்குப் பொருத்தமான ஷாக் அப்சார்பரும் கிடைக்கும். அந்த ஆடம்பரம் மச்சானுக்குப் பிடிக்காது. இருக்கிற ஸ்பிரிங்கையே கிரைண்டர் வைத்து ரெண்டு சுற்று வெட்டிவிட்டார் பட்டறைக்காரர். அறுபட்ட ஸ்பிரிங் முன்னைவிட விறைப்பாகிவிடும், சுருங்கி விரிய இடமும் இருக்காது. சின்னப் பள்ளத்துக்கே அடியிலுள்ள ரப்பர் கட்டையில் போய் முட்டும். ரோட்டில் போட்ட வெள்ளைக்கோடு எத்தனை தடிமன் என்பதுகூட இடுப்புக்குத் தெரிந்துவிடுகிறது. இவ்வளவு தகவல் தருகிற கார் வேறு எங்கே இருக்கிறது? வேகத்தடை வந்தால் வண்டியைக் குறுக்கே திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி, ஒவ்வொரு சக்கரமாக இறக்குவார். அதற்குள் அவிநாசி ரோடு முழுக்க ஹாரன் அடித்து அவருக்கு மரியாதை செய்துவிடும். பின்சீட்டில் ஆள் இருந்தால் இறங்கிக்கொள்ள வேண்டும். மச்சானின் வீட்டம்மா ஒவ்வொரு தடைக்கும் தானாகவே இறங்கி நடந்து, அந்தப் பக்கம் போய் ஏறிக்கொள்வார். டாக்டர் சொன்ன நடைப்பயிற்சி இப்படியே முடிந்துவிடுகிறது.

சக்கரங்களும் சாதாரணமானவை அல்ல. கம்பெனி போட்டிருந்தது 145 மில்லிமீட்டர் அகலத்தில் ஒல்லி டயர். மச்சான் 15 அங்குல அலாய் வாங்கி, மட்கார்டை உரசுகிற அளவுக்கு அகலமான டயர் மாட்டினார். பவர் ஸ்டீயரிங் இல்லாத மாடல் அது. பார்க்கிங்கில் நின்ற இடத்தில் திருப்புவதற்குள் தோள்பட்டை புடைத்துக்கொள்ளும், ஜிம்முக்குக் கட்டுகிற காசு மிச்சம். டயரின் சுற்றளவு கூடினால் மீட்டர் குறைத்துக் காட்டும், ஓடிய கிலோமீட்டரும் குறைவாகவே பதிவாகும். தன் வேகத்தைத் தானே குறைத்துச் சொல்லிக்கொள்ளும் அடக்கம் இப்படித்தான் அந்த வண்டிக்கு வந்தது. எல்லாக் கியரும் நீண்டு போனதால் மருதமலை ஏற்றத்தில் ரெண்டாம் கியர் தாங்காது, முதல் கியருக்குத்தான் வர வேண்டும். கோவிலுக்குப் போகிற வழியில் அவசரம் எதற்கு?

பின்னால் ஒரு இறக்கை இருக்கிறது. அதிவேகத்தில் காற்று அதை அழுத்தி, பின்சக்கரங்களைத் தரையோடு பிடித்து வைக்குமாம். ஜென் முன்சக்கரங்களால் ஓடுகிற வண்டி. இழுப்பதும் முன்சக்கரம், திரும்புவதும் முன்சக்கரம், பிரேக்கின் பெரும்பாரமும் அதன் மேல்தான். இத்தனை வேலைக்கு நடுவில் சும்மா பின்னால் உருண்டு வருகிற சக்கரங்களைப் பற்றியும் ஒரு மனிதர் கவலைப்படுகிறார்.

அவ்வை ஒருமுறை தொண்டைமானிடம் தூது போனாள். உன் வேல்களெல்லாம் நெய் பூசி மாலை சூட்டிப் பளபளவென்று காவலுக்குள் இருக்கின்றன, அதியமான் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று அவள் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. பட்டறையில் கிடப்பதுதான் வீரம் என்ற அந்தக் கணக்கில் பார்த்தால், இந்தக் கொங்கு மண்டலத்திலேயே மச்சான் ஜென்னுக்கு இணையான மாவீரன் கிடையாது. மாதத்தில் பாதி நாள் அது சுந்தராபுரம் பக்கத்துப் பட்டறை ஒன்றில்தான் கிடக்கும். முனை முறிவதற்குப் போருக்குப் போயிருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட அதற்கு இல்லை, உக்கடம் பாலம் ஏறினாலே போதும்.

அரசாங்கத்துக்கும் அவரால் நன்மை உண்டு. கம்பெனி கொடுத்து ஆர்.சி.யில் பதிவான விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறார்கள். மச்சான் வண்டியை ஒரே ஒரு நாள் முறையாகப் பரிசோதித்தால் ஒரு பஞ்சாயத்துக்குத் தார் ரோடு போட்டுவிடலாம். ஆனால் அவர் சட்டத்தை மதிப்பவர். 15 வருஷம் முடிந்த வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும் அல்லவா? அப்போது பழைய சைலன்சர், பழைய ஸ்பிரிங், பழைய சக்கரம், பழைய ஃபில்டர் பெட்டி எல்லாவற்றையும் பரணிலிருந்து இறக்கி மாட்டிவிடுவார். அந்த நாளில் வண்டி எப்படி ஓடும் தெரியுமா? அப்படி ஓடுகிறதே என்று எரிச்சல்பட்டு அன்றைக்குச் சாயந்தரமே எல்லாவற்றையும் திரும்பக் கழற்றிவிடுவார்.

ரோட்டை வென்ற பிறகு டிராக்குக்குப் போவதுதானே முறை? செட்டிப்பாளையத்தில் கரிவர்தன் பெயரிலேயே கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, சுற்று 2.1 கிலோமீட்டர். சொந்த வண்டியை ஓட்டிப் பார்க்க விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் வண்டி இன்சூரன்ஸ் செல்லாது என்று நான் சொன்னதற்கு, "நமக்கு எதுக்கு மாப்ள க்ளெய்மு?" என்றார். தன்மீது இவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கிற மனிதரிடம் மேற்கொண்டு என்ன பேசுவது?

முதல் சுற்றில் சத்தத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. வளைவுகளில் முன்டயர்கள் திரும்ப மறுத்து அலறின, அறுத்த ஸ்பிரிங் முட்டி உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழுந்தது, டிக்கியில் சப்வூஃபர் நகர்ந்து தாளம் போட்டது. அவருக்குப் பின்னால் பழைய மாருதி 800 ஒன்று வந்துகொண்டிருந்தது. திருப்பூரிலிருந்து வந்த ஒரு பெண் ஓட்டினார். பின்சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, நல்ல டயர், புது ஷாக் அப்சார்பர், புது பிரேக் பேடு, அதோடு நிறுத்திக்கொண்ட கற்பனை வறண்ட வண்டி. ஒரு ஸ்டிக்கர்கூடக் கிடையாது. ரெண்டாவது சுற்றில் சத்தமே இல்லாமல் உள்பக்கமாக நுழைந்து முந்திப் போய்விட்டது. எதிராளிக்கு வழிவிடும் பெருந்தன்மையை அப்புறம் ஒவ்வொரு வண்டியிடமும் மச்சான் காட்டினார்.

மூன்றாவது சுற்றில் நேர்ப்பாதையின் முடிவில் பிரேக்கை மிதித்தார். மிதி தரை வரைக்கும் போனது, வண்டி நிற்கவில்லை. வளைவு ஒரு பக்கம் போக, மச்சான் நேராக மண்ணுக்குள் இறங்கி, புழுதி பறக்க ஒரு புதுப்பாதை போட்டு நின்றார்.

டவ் பண்ணிக் கொண்டுவந்து பானட்டைத் திறந்தபோது எட்டிப் பார்த்தேன். செக்கச்செவேல் ஃபில்டருக்குப் பின்னால், ஓரத்தில், பிரேக் ஃப்ளூயிடின் குட்டி டப்பா. வெளுத்த மஞ்சளில் இருக்க வேண்டிய எண்ணெய் கறுத்துப் போயிருந்தது. அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் சுபாவம் கொண்டது. டாட் 3 வகை புதிதில் 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும், ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவி, மிதித்தால் ஆவிதான் அமுங்கும், டிஸ்க்கில் பிடி விழாது. அந்த மாருதிப் பெண்ணும் வந்து பார்த்தார்.

"ஃப்ளூயிட் எப்பங்ணா மாத்துனீங்க?"

"இரிடியம் பிளக் போட்டிருக்கேன்மா" என்றார் மச்சான்.

டயருக்கும் சப்வூஃபருக்கும் இறக்கைக்கும் கொட்டிய காசில் அந்த ஃப்ளூயிடை வாங்கினால் ஒரு லாரி நிறைய வரும். அப்படி ஒரு மலிவான சாமானை அவர் தன் வண்டிக்கு வாங்கவில்லை என்பதிலிருந்தே அதன் மேல் வைத்திருக்கிற மரியாதை விளங்கவில்லையா?

டிராக்கில் தோற்றதற்குக் காரணத்தை மச்சான் அன்றைக்கு ராத்திரியே கண்டுபிடித்துவிட்டார். இன்ஜின் பத்தவில்லை. எஸ்டீமின் 1.3 லிட்டர் இன்ஜின், 85 குதிரைத்திறன், பழசு ஒன்று உக்கடத்தில் கிடைக்கிறதாம். அது ஜென்னுக்குள் உட்காரும், பலர் செய்திருக்கிறார்கள். பட்டறையில் விலை பேசும்போது நானும் இருந்தேன். மவுண்டிங், வயரிங், கியர்பாக்ஸ் என்று எல்லாக் கணக்கும் போட்டு முடித்த பிறகு, மெக்கானிக் பையன் தலையைச் சொறிந்துகொண்டே கேட்டான்.

"அப்படியே பிரேக்கையும் பெருசா பண்ணீரலாங்ளாண்ணா?"

மச்சானுக்கு வந்ததே கோபம். "அது கம்பெனிக்காரன் கணக்குப் போட்டு வெச்சது தம்பி. அதுலயெல்லாம் நாம கை வெக்கக் கூடாது."