பூஜ்யம் போடுகிறவர்

கொடைக்கானலில் வந்து தங்கிவிட்ட மென்பொருள்காரர்களில் ஒரு தனி ரகம் உண்டு. வட்டக்கானலில் வாடகை வீடு, தலையில் குரங்குக் குல்லா, மடியில் லினக்ஸ் கெர்னல். கோப்பு முறைமைக்குள் யாரும் மதிப்புக் கொடுக்காமல் விட்ட ஃபீல்டுகளைத் தேடுவதுதான் பிழைப்பு. அப்படி ஒருவர், பெண் பார்க்கப் போன வீட்டில் "என்ன வேலை?" என்றபோதும் இதையே சொன்னார். பஜ்ஜியோடு அனுப்பிவிட்டார்கள்.

சீசன் நெரிசலில் லாட்ஜ்காரர் பெருக்காமல் சாவி கொடுத்தால், முந்தின ஆளின் சாக்ஸ் கட்டிலடியில் கிடக்குமல்லவா? கெர்னலில் 'கேமல்லாக்' என்று கேட்டால் நினைவகம் அப்படித்தான் வரும். 'கேசல்லாக்' என்று கேட்டால் பூஜ்யம் போட்டுத் துடைத்துத் தருவார்கள். எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமையை ஊரே நம்புகிறது. அதிலேயே 2019-இல் ஒன்று அகப்பட்டது. கோப்பு வட்டில் எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் எக்ஸ்டென்ட் மரத்தில் பயன்படாத இடத்தைத் துடைக்காமல் வட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். இதைச் சொல்லும்போது அவர் குரல் தணிந்துவிடும், ஏதோ குடும்ப ரகசியம் போல.

இந்த மாதிரிப் பிழை லேசில் சிக்காது. மிஷினைப் புதிதாகக் கிளப்பினால் நினைவகம் பெரும்பாலும் பூஜ்யமாகவே இருப்பதால் எல்லாம் ஒழுங்காக ஓடும். வேவு பார்க்க, செய்தி அச்சிடும் 'பிரிண்ட்கே' வரி ஒன்று வைத்தாலும் சில நேரம் மறைந்துவிடும். 2022 டிசம்பரில் 6.1 கெர்னலோடு வந்த கேஎம்சான் என்ற பிழை பிடிக்கும் கருவிதான் இவருக்குக் குலதெய்வம். ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு நிழல் பிட் வைத்து, நிரப்பாததை நம்பி முடிவெடுக்கும் வரியைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் மிஷின் நகராது. அதற்குள் இவர் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுவார்.

அலங்கோலமான நிரலைக் கண்டால் இன்னும் மோசம். மூன்று அடுக்குக்கு மேல் வரிகளை உள்ளே தள்ளினால் நிரலைத் திருத்து என்பது கெர்னல் சாஸ்திரம். ஆகவே முதலில் இடைவெளிகளைச் சரிசெய்ய ஒரு கட்டு பேட்ச் அனுப்புவார். பிழைக்கான திருத்தம் கடைசியில், ஒரே வரி.

2024 மே 7 முதல் மலையேற இ-பாஸ் வேண்டுமென்று ஆனதும், உறவினர்களின் படிவங்களை எல்லாம் இவரே வாங்கி நிரப்புகிறார். கட்டாயமில்லாத கட்டத்தைக்கூட விடமாட்டார்.

ஒருநாள் டீக்கடை அக்காவிடம் கேட்டார்: "நான் ஒன்னும் சொல்லாட்டி சர்க்கரை எவ்வளவுக்கா போடுவீங்க?"

"முன்னாடி ஆளுக்குப் போட்ட அளவுதான் தம்பி. கை அப்படியே போயிரும்."

முகம் வெளுத்துவிட்டது. இப்போதெல்லாம் கடைக்குள் நுழையும்போதே சத்தம் வரும்: "சர்க்கரை பூஜ்யம்க்கா!"

அக்கா தலையாட்டிய பிறகு, "இப்ப ஒரு ஸ்பூன் போடுங்க."