முந்திப் பிறந்த குற்றம்

குடியிருப்பு விதிகளையும் பிரஜாவுரிமை விதிகளையும் ஆக்கவும் காக்கவும் அவ்வப்போது மாற்றவும் அதிகாரம் பெற்று விளங்கும் கனம் பொருந்திய பெரியோர்கள் சமூகத்திற்கு, போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற கிராணி ஒருவன் பணிவுடன் எழுதிக்கொள்ளும் பகிரங்க விண்ணப்பம்.

ஐயன்மீர்,

முதற்கண் நன்றி கூறுவது மரபு. அடியேனுக்குத் தாங்கள் நீல அடையாள அட்டை அருளியிருக்கிறீர்கள். அதைப் பெறுவதற்காக நான் யாதொரு பரீட்சைக்கும் உட்கார்ந்ததில்லை. எந்தச் சாட்சியையும் அழைத்து வந்து நிறுத்தியதில்லை. என் விசுவாசத்தை நிரூபிக்கும்படி எவரும் என்னைக் கேட்டதுமில்லை. கிள்ளானுக்கு வடக்கே, இன்று மாடி வீட்டு வரிசைகளாக மாறிவிட்ட ஒரு ரப்பர் தோட்டத்தின் லயத்தில், 1959ஆம் ஆண்டில், அதாவது நாடு விடுதலை பெற்று ஓராண்டுக்கு மேல் ஆன பின்னர் பிறந்தேன் என்ற ஒரே காரணத்தால், பிரஜை என்னும் அந்தஸ்து எனக்குத் தொட்டிலிலேயே வந்து சேர்ந்துவிட்டது. என் ஆயுளில் தேசத்துக்காக நான் செய்த மகத்தான காரியம் தாமதமாகப் பிறந்ததுதான் என்பதைத் தாங்கள் அல்லவோ கண்டறிந்து கௌரவித்தீர்கள்!

என் அக்காளோ அவசரக்காரி. அதே லயத்தில், அதே தாய் வயிற்றில், அதே மருத்துவச்சியின் கையில், 1956ஆம் ஆண்டிலேயே பிறந்துவிட்டாள். 1957 ஆகஸ்டு 31 வரையில் பொறுத்திருக்க வேண்டும் என்ற விவேகம் அவளுக்கு அப்போது இல்லை. அந்த அவசரத்தின் பலனாக இன்றுவரை அவள் கைப்பையில் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. எழுபது பிராயத்தை எட்டிக்கொண்டிருக்கும் அவள், இந்நாட்டின் நிரந்தரவாசி, பிரஜை அல்லள். 2022 நவம்பரில் நடந்த பொதுத் தேர்தலில், வாக்களிக்கும் வயது பதினெட்டாகக் குறைக்கப்பட்டிருந்தபடியால், அவளுடைய பேத்தி முதன்முறையாகப் போய் வாக்களித்துவிட்டு வந்து மை தோய்ந்த விரலைக் காட்டினாள். விரலைப் பிடித்துப் பார்த்து மகிழ்ந்ததோடு பாட்டியின் அரசியல் பங்கேற்பு முடிந்தது.

இதற்காகத் தங்கள்மேல் பழி சுமத்துவது அறமாகாது. அரசியல் சாசனத்தின் 16ஆம் ஷரத்து, சுதந்திரத்துக்கு முன் இம்மண்ணில் பிறந்தவரைக் கைவிட்டுவிடவில்லை. பதினெட்டு வயது நிரம்பியவராக, ஏழு ஆண்டுகளில் ஐந்தாண்டுகள் இங்கே வசித்தவராக, நன்னடத்தை உள்ளவராக, மலாய் மொழியில் ஆரம்ப அறிவு பெற்றவராக இருந்தால் விண்ணப்பித்துப் பிரஜையாகலாம் என்று அது தாராளமாகவே சொல்லுகிறது. சுதந்திரத்துக்குப் பின் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தவர்களுக்கு மொழித் தேர்வே வேண்டாம் என்றும் சலுகை தரப்பட்டது. துரதிர்ஷ்டம் என்னவென்றால், அந்தப் பொன்னான ஓராண்டில் அக்காள் இன்னும் எந்த மொழியும் பேசத் தொடங்கியிருக்கவில்லை. எங்கள் அப்பாவோ விடியுமுன் பால்மரத்துக்கும் பொழுது சாய்ந்தால் லயத்துக்குமாக நடந்துகொண்டிருந்தவர், ஷரத்து என்ற வஸ்துவைத் தம் வாழ்நாளில் கண்ணால் கண்டதில்லை.

பிறகு வயது வந்தபின் விண்ணப்பிக்க என்ன தடை என்று தாங்கள் கேட்பது நியாயம். தடை ஓர் எழுத்து. தோட்டத்துக் கிராணி தம் காதுக்கு எட்டியபடி அவள் பெயரைப் பிறப்புப் பத்திரத்துக்கு ஒரு விதமாக எழுதிக் கொடுத்தார். அடையாள அட்டை எழுதியவர் தம் நாவுக்கு வசதியானபடி வேறு விதமாக எழுதினார். இவ்விரு பெயர்களும் ஒருத்தியுடையவையே என்பதற்குச் சத்தியப் பிரமாணம் வேண்டும், அவள் பிறந்ததை நேரில் அறிந்த பெரியவர்களின் சாட்சியம் வேண்டும் என்று அதிகாரிகள் பணித்தார்கள். மருத்துவச்சியும் கிராணியும் அப்பாவும் அம்மாவும் தோட்டமும் ஒருங்கே மறைந்துவிட்ட நிலையில், பிறந்த வீட்டில் உயிரோடிருக்கும் ஒரே இரத்த உறவினன் என்ற முறையில் நானே முன்வந்தேன். ஆனால் அவள் பிறந்த சமயத்தில் நான் பிறந்திருக்கவில்லை என்ற குறை என்னிடம் இருந்தது. எனக்குப் பிரஜாவுரிமை தந்த அதே தாமதம் என் சாட்சியத்தைச் செல்லாக்காசாக்கிவிட்டது. இத்தனைக்கும் எங்கள் ஊர், 1901 முதல் ஓர் ஆங்கிலேய அதிகாரியின் பெயரால் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று விளங்கி, 1972இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஊருக்குப் பெயர் முழுவதும் மாறியபோது, இரண்டும் ஒரே ஊர்தான் என்று எவரும் சாட்சி கேட்கவில்லை.

பிறந்த இடத்துக்கு ஆதாரம் போதாது எனில் 19ஆம் ஷரத்தின் வழியாக, அந்நியர்கள் பிரஜையாகும் வாசலில் வந்து நிற்கலாம் என்று அன்போடு வழிகாட்டினார்கள். அங்கே பன்னிரண்டு ஆண்டுகளில் பத்தாண்டு வாசம் வேண்டும். மொழியில் ஆரம்ப அறிவு போதாது, தகுந்த அறிவு வேண்டும். இத்தனையும் இருந்தாலும் கொடுப்பதும் கொடாததும் மேலிடத்தின் சித்தம். பிறந்தவள் வந்தவளாகி விண்ணப்பித்தாள். போர்ட் கிள்ளானில் கொம்யூட்டர் ரயில் ஏறி, பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி, அங்கே வேறு ரயில் மாறிப் புத்ராஜெயா போய்ச் சேர்ந்தோம். நேர்காணல் நடத்தியவர் அக்காளின் கடைசி மகனைவிட இளையவர். மிகுந்த மரியாதையுடன் அவளை 'மக்சீக்' என்று அத்தை முறை வைத்தே அழைத்தார். தேசியக் கோட்பாடுகள் ஐந்தையும் சொல்லச் சொன்னார். பேரப்பிள்ளைகள் பள்ளிக்காக ஒப்பிப்பதைக் கேட்டுக் கேட்டே மனப்பாடமானவற்றை அக்காள் ஓர் அட்சரம் பிசகாமல் சொன்னாள். பின்னர் அவர், மலேசியாவுக்கு எந்த ஆண்டில் வந்தீர்கள் என்று கேட்டார். கெம்போங் மீனுக்கு விலை பேசும் அதே மலாயில் அக்காள் பதில் சொன்னாள்: “நான் எங்கேயும் வரலை தம்பி, மலேசியாதான் எனக்கப்புறம் வந்துச்சு.” 1963 செப்டம்பர் 16இல் மலேசியா உதயமானபோது அவள் ஏழு வயதுச் சிறுமி என்பது சரித்திர உண்மை; அந்த இளைஞரும் சிரித்துவிட்டார். அதன்பின் ஒரு தாளை நீட்டி வாசிக்கச் சொன்னார். தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்று, தம்பியை வளர்த்துக்கொண்டு லயத்தில் உட்கார்ந்துவிட்டவளுக்கு மலாயின் ரூமி எழுத்து வாசிக்க வராது. அவள் வளர்த்த தம்பி அடியேன்தான்.

விதிகள் மாறும்போது மனிதர்கள் என்ன ஆவார்கள் என்பதை எங்கள் துறைமுகம் முன்பே பார்த்திருக்கிறது. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, பிரஜையல்லாதவர் வேலை செய்யப் பெர்மிட் பெற வேண்டும் என்று 1969இல் நடைமுறைக்கு வந்தபோது, தோட்டங்களிலிருந்து இந்தியாவுக்குத் திரும்பிப் போனோர் 60,000 பேர் வரையில் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். நேற்றுவரை எந்த மரத்தில் பால் வெட்டினார்களோ அதே மரத்தில் மறுநாளும் வெட்டுவதற்கு அனுமதிச் சீட்டு வேண்டியதாயிற்று. அப்பா எப்படியோ பெர்மிட் பெற்றுத் தங்கிவிட்டார். அடுத்த லயத்தார் பாத்திரம் பண்டங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு, அந்நாளில் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் ஓடிக்கொண்டிருந்த 'ரஜூலா' கப்பலுக்குப் புறப்பட்டார்கள். போனவர்கள் எவரும் இடம் பெயர ஆசைப்பட்டவர்கள் அல்லர். அவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள், கோடு மட்டும் அவர்களைத் தாண்டி நகர்ந்துவிட்டது.

ஆகவே, ஐயன்மீர், வருங்காலச் சந்ததியின் நன்மையை உத்தேசித்து ஒரு சிறு யோசனையைத் தெரிவிக்கத் துணிகிறேன். எங்கள் ஜனங்கள் எந்தச் சுபகாரியத்துக்கும் பஞ்சாங்கம் பார்க்கும் வழக்கமுடையவர்கள். பிறப்பதற்கு உகந்த காலங்களையும் விலக்க வேண்டிய காலங்களையும் கணித்து, தாங்களே ஒரு பிரஜாவுரிமைப் பஞ்சாங்கம் வெளியிட்டால் மிகவும் உபகாரமாயிருக்கும். அதில் 1957 ஆகஸ்டு 31க்கு முற்பட்ட காலம் முழுவதும் இராகுகாலம் என்று குறிக்கலாம். அந்நாள் முதல் 1962 செப்டம்பர் முடிய அமிர்தயோகம். பெற்றோர் யாராயிருப்பினும் மண்ணில் விழுந்த குழந்தை பிரஜை. 1962 அக்டோபர் முதல் தேதியிலிருந்து கிரகநிலை மாறுகிறது. தாய் தந்தையரில் ஒருவரேனும் பிரஜையாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு பிறத்தல் நலம். 1982 மார்ச் முதல் தேதிக்குப் பின் நடைபெறும் திருமணங்கள் அரசாங்கத்தில் பதிவாக வேண்டும் என்று சட்டமானபடியால், அதன்பிறகு ஜனிக்க எண்ணும் குழந்தை, அப்பா அம்மா கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்டார்களா, பதிவாளரிடமும் போனார்களா என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்; இல்லையேல் சட்டத்தின் கண்ணுக்குத் தந்தை மறைந்து தாய் மட்டுமே தெரிவாள், அவள் அயல்நாட்டவளாயின் குழந்தையின் பாடு திண்டாட்டம்.

இப்பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கத்தைத் தாங்கள் அண்மையில்தான் எழுதி முடித்தீர்கள். 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய சாசனத் திருத்தம், அயல்நாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மார்களுக்கு, நெடுங்காலமாகத் தந்தையருக்கு மட்டும் இருந்துவந்த உரிமையை வழங்கிற்று. வாழ்த்துகிறேன்; அது நீதியான காரியம். ஆனால் ஒரு கையால் கொடுத்த அதே வேளையில் மறு கையால், நிரந்தரவாசிகளுக்கு இங்கே பிறக்கும் குழந்தைகள் தாமாகவே பிரஜையாகும் வழியை அடைத்துவிட்டீர்கள். அக்காளும் காலஞ்சென்ற அத்தானும் சிவப்பு அட்டைக்காரர்கள். அவர்களுடைய பிள்ளைகள் நீல அட்டை பெற்றது அந்த ஒரு வழியாலேதான். அக்காளுக்கு இந்நாடு செய்த ஒரே உபகாரத்தையும், இனி எவளுக்கும் செய்துவிடலாகாது என்ற முன்ஜாக்கிரதை போலும்!

பணம் படைத்த விருந்தினர்களுக்கு விதி மாறும்போது மட்டும் தங்கள் கரிசனம் வேறுவிதமாயிருப்பதைக் கண்டு வியக்கிறேன். 2002இல் தொடங்கிய 'மலேசியா எனது இரண்டாவது இல்லம்' என்னும் திட்டத்தில், 2021இல் மாத வருமானத் தகுதியைப் பத்தாயிரம் வெள்ளியிலிருந்து நாற்பதாயிரமாக உயர்த்தி, பத்து லட்சம் வெள்ளி வைப்புத்தொகையும் கேட்டீர்கள். அவர்கள் முணுமுணுத்தார்கள், பத்திரிகைகள் எழுதின, விதிகளைத் தளர்த்தி, 2024இல் வெள்ளி, பொன், பிளாட்டினம் என்று உலோகவாரியாக, முறையே ஒன்றரை லட்சம், ஐந்து லட்சம், பத்து லட்சம் அமெரிக்க டாலர் வைப்புத்தொகைக்கு மூன்று வாசல்கள் திறந்தீர்கள். அக்காளையும் இதில் சேர்க்கலாமா என்று யோசித்துப் பார்த்தேன். 2021ஆம் ஆண்டு விதிகளில் அயல்நாட்டு வருமானம் காட்ட வேண்டும் என்றிருந்தது. இட்லி மாவு அரைத்து விற்கும் அவளுடைய வருமானம் எங்கள் தெருவைத் தாண்டி வருவதில்லை. தவிர, இரண்டாவது இல்லம் கோருவதற்கு வேறெங்காவது முதல் இல்லம் இருந்தாக வேண்டும். அந்த யோக்கியதையும் அவளுக்கில்லை.

பரிகாசம் போதும். தங்களால் முடியாதது ஒன்றுமில்லை என்பதற்குத் தங்கள் ஏடுகளிலேயே அத்தாட்சி இருக்கிறது. 2018 ஜூலையில், அறுபது வயதைக் கடந்த சிவப்பு அட்டைக்கார இந்தியர் 3,407 பேருக்குப் பிரஜாவுரிமை வழங்கப்படும் என்று அன்றைய பிரதமர் மகாதீர் அறிவித்தார். அந்தப் பட்டியலில் அக்காளின் பெயர் இல்லை. இரண்டு விதமாக எழுதப்பட்ட பெயரை எந்த விதமாகத் தேடினார்களோ, அறியேன். இலங்கை, 1948இல் மலையகத் தமிழர்களைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கி, 1964இல் அவர்களைத் தலை எண்ணி இந்தியாவோடு பங்கு போட்டுக்கொண்ட தேசம். அதே இலங்கை 2003இல் ஒரு சட்டம் இயற்றி, 1964 அக்டோபர் 30 முதல் அங்கே நிரந்தரமாக வாழ்ந்தவர்களுக்கும் அவர்தம் சந்ததியினருக்கும் பிரஜாவுரிமை உண்டு என்று தீர்த்துவைத்தது. அங்கே மொழித் தேர்வு கேட்கவில்லை, மருத்துவச்சியைத் தேடவில்லை. வாழ்ந்த வாழ்க்கையையே ஆதாரமாகக் கொண்டார்கள்.

அதையே இங்கும் செய்யுங்கள் என்பதுதான் இவ்வளவு நீண்ட கடிதத்தின் சாரம். அறுபதைக் கடந்து, ஆயுள் முழுவதையும் இம்மண்ணில் கழித்த ஒவ்வொரு சிவப்பு அட்டைக்காரருக்கும், எழுத்துப் பிழைக்காகத் திருப்பி அனுப்பாமல், வாசிக்கத் தெரியாததைக் குற்றமாகக் கொள்ளாமல், உயிரோடிருக்கும்போதே நீல அட்டை கொடுங்கள். நிரந்தரவாசிகளின் குழந்தைகளுக்கு 2024இல் அடைத்த வழியையும் மறுபடி திறந்துவிடுங்கள். முந்திப் பிறந்தது குற்றமானால் அறுபது ஆண்டுகளுக்கு மேலான தண்டனை அதற்குப் போதுமானது.

இங்ஙனம்,
தாமதமாகப் பிறந்த தகுதியால் பிரஜையான
ஒரு கிராணி,
போர்ட் கிள்ளான்.