தொலைக்கதுக்கும் ஒரு முறை உண்டுலே

எய்யா பேராண்டி, சீமைக்குப் படிக்கப் போறேன்னு பொட்டி கட்டுதியாமே! சந்தோசம். ஊறுகாய், இட்லிப்பொடி எல்லாம் உங்கம்மை எடுத்து வச்சிட்டா. புத்தி மட்டுந்தான் குறையுதுன்னு என்கிட்ட அனுப்பியிருக்கா. சங்கரன்கோவில் தாலுகா ஆபீஸ் வாசல்ல மனு எழுதியே நரைச்ச மண்டை இது. ஆடித்தபசுத் திருவிழா முடிஞ்சா போதும், பர்சைத் தொலைச்சவன், லைசென்ஸைத் தொலைச்சவன் எல்லாம் என் மேசை முன்னால வந்து நிப்பான். அத்தனை பேருக்கும் வசனம் ஒண்ணுதான்: “இப்பத்தான் இங்கன வச்சேன்.” இப்பல்லாம் வெளிநாட்டுல தொலைச்ச பிள்ளையளோட அப்பன்மாரும் வாராவ.

அதனால தொலைக்காதேன்னு உனக்குச் சொல்லப் போறதில்ல. வீட்டுச் சாவியையே நித்தம் தேடுத பய நீ. முறையாத் தொலைக்கது எப்படின்னு மட்டும் கேட்டுக்கோ.

பாஸ்போர்ட் கையில இருக்குன்னு நெஞ்சை நிமித்தாதே. அது உன் சொத்தே இல்ல. 1967ஆம் வருசத்துப் பாஸ்போர்ட் சட்டத்துல 17ஆவது பிரிவு, அது எந்நாளும் மத்திய சர்க்கார் சொத்துன்னு சொல்லுது. நீ சும்மா சுமந்துக்கிட்டுப் போற ஆளு. சர்க்கார் சாமானைத் தொலைச்சா கணக்குச் சொல்லத்தானே வேணும்?

ஏர்போர்ட்டுல அதைப் பிரிச்சுப் பிடிச்சு, நம்பர் தெரியுத மாதிரி போட்டோ எடுத்து இன்ஸ்டாகிராம்ல போடு. திருடனுக்கு வேலை மிச்சம். நகல் எடுத்தா, பாஸ்போர்ட் இருக்குத அதே பைக்குள்ள பத்திரமா வை. பை போகும்போது ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு துணையாப் போகும். அப்பனுக்கு மட்டும் வாட்சப்புல அனுப்பிராதே. விசைத்தறிச் சத்தத்துல அந்த மனுசன் அதை வச்சு என்ன செய்யப் போறாரு!

சரி, போயிருச்சு. நம்மூர்ப் பய என்ன செய்வான்? கட்டிலுக்கு அடியத் துழாவுவான், தலகாணி உறையைத் திருப்புவான், கூட இருக்குதவன் சட்டைப்பையைத் தடவுவான். வீட்டுக்குத் தெரியக்கூடாதுன்னு வாயை மட்டும் திறக்கமாட்டான். நீயும் மறைச்சுப் பாரு. புதுப் பாஸ்போர்ட்டுக்கு அங்க நீ எழுதிப் போட்டா, விசாரிக்க நம்மூர் ஸ்டேசன்ல இருந்து வாசலுக்கே ஆள் வரலாம். அம்மை அடுப்படியில இருந்து வாரதுக்குள்ள தெரு பூரா விசயம் தெரிஞ்சிரும்.

முதல் வேலை, தொலைச்ச ஊர்ப் போலீஸ். இங்கன காணாமப் போன தாளுக்குத் தமிழ்நாடு போலீஸ் வெப்சைட்டுலயே ரிப்போர்ட் எடுத்துக்கிடலாம். என் பொழப்புல மண்ணைப் போட்ட ஏற்பாடு அது! ஆனா லண்டன் ரயில்ல விட்டதுக்கு இங்க எழுதி வாங்க முடியாது. அங்கத்த ரிப்போர்ட்டோட நம்ம தூதரகத்துக்குப் போ. எங்க, எப்போ, எப்படிப் போச்சுன்னு எழுதிக் கேப்பாவ. அதுலயும் “இப்பத்தான் இங்கன வச்சேன்”னு எழுதி வைக்காதே. ஊருக்கு அவசரமா வரணும்னா எமர்ஜென்சி சர்ட்டிபிகேட் குடுப்பாவ. அது வாரதுக்கு மட்டுந்தான், திரும்பிப் போக உதவாது. பரீட்சையைப் பாதியில விட்டுட்டு அதை வாங்கிக்கிட்டு நம்மூர் பிரியாணி திங்க வந்துராதே.

அடுத்து காலேஜ்ல சொல்லு. அமெரிக்கான்னா, தொலைஞ்ச விசாவை நாட்டுக்குள்ள வச்சு மறுபடி ஒட்டித் தரமாட்டான். வெளியே இருக்குத அவன் தூதரகத்துலதான் புதுசா வாங்கணும். அதுக்காக அன்னைக்கே மூட்டை கட்டவும் வேண்டாம். நீ எதுவரைக்கும் தங்கலாம்ங்கிறதுக்கு ஐ 94 பதிவு இருக்கு, ஆன்லைன்லயே எடுத்துக்கிடலாம். காலேஜ் குடுத்த ஐ 20 தாளை அவுகளே திரும்ப அடிச்சுக் குடுப்பாவ. பிரிட்டன்ல தங்குததுக்குக் குடுத்த பிளாஸ்டிக் கார்டுக் காலம் 2024 டிசம்பரோட முடிஞ்சு ஈ-விசா ஆயிருச்சு. தொலைக்கதுக்குக் கார்டு இல்லையேன்னு சிரிக்காதே. புதுப் பாஸ்போர்ட் விவரத்தை ஆன்லைன் ஈ-விசாக் கணக்குல ஏத்த மறந்தேன்னா ஏர்போர்ட்டுல நின்னு முழிக்கணும்.

எல்லாம் முடிஞ்ச பிறகு பழசு ஜீன்ஸ் பாக்கெட்டுல இருந்து தலையை நீட்டும். முத்தம் குடுத்துக்கிட்டு அதோட விமானம் ஏறிராதே. போச்சுன்னு சொன்னப்பவே அது செத்த தாளு. தொலைஞ்சது, திருட்டுப் போனதுக்குன்னு இன்டர்போல் 2002லயே ஒரு பட்டியல் ஆரம்பிச்சிருக்கு. நம்பர் அதுல ஏறியிருந்தா, உன் பாஸ்போர்ட்டை நீயே களவாண்ட மாதிரி உன்னை ஓரமா நிறுத்திருவான். பேசாம தூதரகத்துல ஒப்படைச்சிரு.

உங்கம்மை கோமதியம்மனுக்கு நேந்துக்கிட்டு, புத்துமண்ணைப் பொட்டலம் கட்டிப் பைக்குள்ள வச்சிருப்பா. ஆத்தா கட்டாயம் உன்னைப் பாத்துக்கிடுவா. ஆனா போலீஸ் ரிப்போர்ட்டை அவ எழுதித் தரமாட்டாலே.

எனக்குப் பீஸ் ஒண்ணும் வேண்டாம். போறதுக்கு முன்னால எல்லாத் தாளுலயும் ஒரு செட்டு நகல் எடுத்து என்கிட்ட குடுத்துட்டுப் போ. உன்னை நம்புததுக்கு என் துருப்பிடிச்ச டிரங்குப் பெட்டியை நம்பலாம்.