கொடுக்கப் போனவர்களுக்குக் கிடைத்தது

அறப்பணிக்காகச் சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை நடந்த பேரணியில் ஆட்டோ ஓட்டிய என் நண்பனை நாலு பேர் அறியப் பாராட்டியாக வேண்டும். வழி முழுக்கக் கூடவே இருந்தவன் என்ற முறையில் அந்தக் கடமை எனக்கு உண்டு. வெளிநாட்டில் நல்ல வேலையில் இருக்கிறான். ஆகஸ்டில் கிடைக்கிற விடுமுறையை ஊட்டி, கொடைக்கானல் என்று கழிக்காமல், ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கென்று மூன்று சக்கர வண்டியில் 700 கிலோமீட்டருக்கு மேல் குலுங்கிக்கொண்டு வந்தான். விமானச் சீட்டு, நுழைவுக் கட்டணம், இரவு தங்கிய விடுதிகள் எல்லாம் அவன் கைக்காசு. நண்பர்களிடம் திரட்டிய நன்கொடையைப் போல அந்தச் செலவு பல மடங்கு ஆயிற்று. தர்மத்துக்கு ஒரு ரூபாய் போய்ச் சேர, அதற்கு மேல் இத்தனை ரூபாயை முகம் சுளிக்காமல் செலவழிக்கும் மனம் எல்லோருக்கும் வராது.

இந்த வகைப் பயணங்களைக் கண்டுபிடித்தவர்களையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் பிளிமத்திலிருந்து ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டுக்கு, 100 பவுண்டுக்கு மேல் விலை போகாத பழைய கார்களில் கிளம்பியவர்கள் உண்டு. 2004-இல் வேறு சிலர் சின்ன எஞ்ஜின் கார்களில் மங்கோலியாவுக்கே போனார்கள். 2006 முதல் நம் நாட்டு ஆட்டோவும் இந்தக் கணக்கில் சேர்ந்துகொண்டது. காம்பியா போகிறவர்கள் ஊர் போய்ச் சேர்ந்ததும் ஓட்டி வந்த காரை அங்கேயே ஏலத்தில் விட்டு, வந்த பணத்தை உள்ளூர் அறப்பணிகளுக்குக் கொடுத்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். எங்கள் பேரணியை நடத்தியவர்கள் பொருளைப் பேணத் தெரிந்தவர்கள். கன்னியாகுமரியில் ஆட்டோக்களை எண்ணித் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். உடைந்த பக்கக் கண்ணாடிக்கு எங்கள் முன்பணத்தில் பிடித்துக்கொள்ளவும் மறக்கவில்லை. அவற்றில் ஒரே ஒரு ஆட்டோ, வாடகை வண்டி ஓட்டி நாள் வாடகை கட்டும் ஒரு டிரைவரின் கைக்குப் போயிருந்தால் ஒரு குடும்பம் நிமிர்ந்திருக்கும். ஆனால் அடுத்த பேரணிக்கு ஒரு வண்டி குறைந்திருக்குமே.

கொடியசைப்பு கண்கொள்ளாக் காட்சி. புலிக்கோடு போட்ட ஆட்டோ, மயில்தோகை ஆட்டோ, கூரைமேல் காகிதப் பூத்தேர் கட்டிய ஆட்டோ. நண்பன் மகாராஜா தலைப்பாகையும் ஜிகினா அங்கியுமாக ஏறி உட்கார்ந்தான். முதல் நாள் மைதானத்தில் சிறிது நேரம் பழகியதுதான் அவனுக்கு ஆட்டோப் பழக்கம். கிளட்ச்சைப் பிடித்தபடி இடது கைப்பிடியைத் திருகி கியர் மாற்றுவதற்குள் வண்டி குதித்துக் குதித்து நின்றது. அதைக் குற்றமாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. காவலர்கள் போக்குவரத்தை நிறுத்தி, கையசைத்து எங்களை வழியனுப்பினார்கள். நிறுத்தப்பட்ட வரிசையின் முன்னால் காக்கிச் சட்டை போட்ட டிரைவர்கள் தங்கள் ஆட்டோக்களில் காத்திருந்தார்கள். சட்டைப் பித்தான் ஒன்று திறந்திருந்தாலும், வண்டியின் தகுதிச் சான்றான எஃப்.சி. ஒரு நாள் தள்ளிப்போனாலும் அபராதம் கட்டுகிறவர்கள் அவர்கள். 2013 ஆகஸ்டில் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று மீட்டர் கட்டணம் வைத்தார்கள். அன்றைக்குச் சென்னையில் 75 ரூபாயை ஒட்டி இருந்த பெட்ரோல் விலை பிறகு 100-ஐத் தாண்டியது. கட்டணத்தை மாற்றச் சொல்லி அவர்கள் பல வருடம் மனு மேல் மனுவாகக் கொடுத்தார்கள். அவர்களுக்கு அரை நாள் சவாரி போகும்படி சாலையை அடைத்து ஆட்டோவுக்கே விழா எடுத்த பெருமை எங்கள் பேரணிக்கு உண்டு.

மரக்காணத்து உப்பளங்களைப் பார்த்தபடி கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனதையும், சிதம்பரம், தஞ்சை, மதுரை வந்ததையும் நண்பன் படம்பிடித்து அவ்வப்போது உலகத்துக்குத் தெரிவித்துக்கொண்டிருந்தான். கோவில்பட்டியை நெருங்கும்போது கிளட்ச் வயர் அறுந்தது. சாலையோரப் பட்டறை வரை தள்ளிக்கொண்டு போனோம். அங்கே மெக்கானிக் இன்னொரு ஆட்டோவின் எஞ்ஜினைப் பிரித்து வைத்திருந்தார். அதன் டிரைவர் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடச் சவாரி அவருக்கு. மணி அடிப்பதற்குள் வண்டி தயாராக வேண்டும். எங்கள் வண்டியையும் தலைப்பாகையையும் பார்த்தவர் எழுந்தார்.

“மொத அவுகளுக்குப் பாருங்க அண்ணாச்சி. பிள்ளைக படிப்புக்குன்னு பேனர்ல போட்டுருக்கு. நான் உள்ளூருதான.”

மெக்கானிக் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு எங்கள் ஆட்டோவின் அடியில் படுத்தார். அறுந்த வயரை உருவி, புது வயரில் கிரீஸ் தடவி நுழைத்து, கைப்பிடியில் முடிந்து, இரண்டு தடவை கியர் போட்டுப் பார்த்து, திருப்தி இல்லாமல் மறுபடி இறுக்கினார். வயருக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார். கூலி கொடுத்தபோது கையை எடுத்துவிட்டார். “நல்ல காரியத்துக்குப் போறீக” என்றார். நான் மறுபடியும் நீட்டினேன், வாங்கவே இல்லை. நாங்கள் கிளம்பும்போது பள்ளிக்கூடச் சவாரி டிரைவர் யாருக்கோ போன் செய்து, இன்றைக்கு வேறு ஆட்டோ அனுப்பும்படி கெஞ்சிக்கொண்டிருந்தார்.

நண்பன் அந்தப் பட்டறையில் எடுத்த படம் பேரணியிலேயே அதிகம் பேர் விரும்பிய படம். அவன் ஜிகினா அங்கியில் ஸ்பேனரோடு நிற்கிறான். மெக்கானிக்கின் கால்கள் மட்டும் தெரிகின்றன.

நாங்குநேரிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் எங்களுக்கு வரவேற்பு. பேரணியின் நோக்கமே இந்த இடம்தான் என்பதால் எல்லோரும் நல்ல உற்சாகத்தில் இருந்தார்கள். ஆட்டோக்கள் வரத் தாமதமாகியும் பிள்ளைகள் கலையாமல் வரிசையில் நின்றார்கள். வெயிலில் ஒரு சிறுமி கையிலிருந்த பூங்கொத்தைத் தலைக்குக் குடையாகப் பிடித்திருந்தாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பேரணியின் சின்னம் அச்சிட்ட நோட்டுகள் கிடைத்தன. அட்டை வழவழவென்று அருமையாக இருந்தது. நம் அரசுப் பள்ளிகளில் பாடநூலும் நோட்டும் பையும் சீருடையும் அரசே தருகிறது. 2022 முதல் தொடக்க வகுப்புகளுக்குக் காலை உணவும் உண்டு. இல்லாதவர்க்குக் கொடுப்பது எங்கும் நடப்பதுதான். இருப்பதையே இன்னொரு முறை கொண்டுவந்து கொடுக்க எங்கள் பேரணிதான் முன்வந்தது.

விழா முடிந்ததும் தலைமையாசிரியை எங்கள் இருவரையும் தனியாக அழைத்துப் போனார். கழிப்பறைக் கதவில் பூட்டு தொங்கியது.

“நோட்டு அரசாங்கமே குடுத்துருது சார். இங்க மோட்டார் எரிஞ்சுபோய்க் கெடக்கு. தண்ணி இல்ல. பெரிய பொம்பளப் பிள்ளைகள்லாம் வீட்டுக்குப் போயிட்டு வருதுக. சில நாள் போனதுக திரும்பி வராதுக. ஒரு எச்.பி. மோட்டார் போதும். உங்களால முடியுமா சார்?”

நண்பன் கண்கலங்கிவிட்டான். அது நடிப்பில்லை, அவனை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். அன்றிரவே அமைப்பாளர்களிடம் போய்ச் சொன்னான். அவர்களும் பொறுமையாகக் கேட்டார்கள். இந்த வருடத்துக் கருப்பொருள் நோட்டுப் புத்தகம், பேனர் எல்லாம் அப்படியே அடித்தாயிற்று, கழிப்பறையைப் படமாகப் போட்டால் ஆதரவாளர்கள் விரும்பமாட்டார்கள் என்று விளக்கினார்கள். திட்டமிட்டதை எதற்காகவும் மாற்றாத உறுதி அவர்களிடம் இருந்தது.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக்காற்று ஆட்டோவைப் பக்கவாட்டில் தள்ளியது. காற்றாலைகள் சுழலும் அந்த இடத்தில் ஒருவர் பின் ஒருவராக ஊர்ந்து போய்க் கன்னியாகுமரி சேர்ந்தோம். கடலைப் பார்த்த விடுதியில் விருந்து. சிறந்த வண்டி அலங்காரம், சிறந்த வேடம், அதிகத் தடவை பழுதான வண்டி என்று ஒன்றுக்கும் குறையில்லாமல் பரிசுகள் கொடுத்தார்கள். நண்பனுக்கு வேடத்துக்கான பரிசு. மேடையில் அவன் பேசியபோது, கொடுப்பதில் இத்தனை மகிழ்ச்சி இருக்கும் என்று நினைக்கவில்லை என்றான். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. கூலி வாங்காதவருக்கும் சவாரி விட்டவருக்கும் பரிசுப் பட்டியலில் இடம் இல்லை. அவர்கள் நுழைவுக் கட்டணம் கட்டியவர்கள் இல்லையே.

அடுத்த ஆகஸ்டிலும் வரப்போவதாகச் சொல்லியிருக்கிறான், என்னையும் கூப்பிடுகிறான். அவன் நல்லவன், எடுத்துச் சொன்னால் கேட்பான். தலைமையாசிரியையின் சம்மதத்தோடு பள்ளியின் தொலைபேசி எண்ணை அவனுக்கு அனுப்பிவிட்டேன். நாங்குநேரிக் கடையில் விசாரித்த மோட்டார் விலையும், பிளம்பர் கூலியும் அதோடு இருக்கின்றன. இரண்டும் சேர்ந்தாலும் அவனுடைய நுழைவுக் கட்டணத்தில் ஒரு சிறு பங்குதான் ஆகும். விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்னால் அந்த எண்ணுக்கு ஒருமுறை பேசிவிடச் சொல்லி எழுதியிருக்கிறேன்.