வைப்பின் என்னும் பென் டிரைவ்

ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸையும் லினக்ஸையும் குடிவைத்து மல்லாடுகிறவர்களுக்குக் கொச்சியின் வரலாற்றைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்கள் பட்ட பாட்டைத்தான் அந்த ஊரும் பட்டிருக்கிறது, கொஞ்சம் பீரங்கிச் சத்தத்தோடு.

1341-இல் பெரியாறு பெருக்கெடுத்து முசிறித் துறையைத் தூர்த்துவிட்டு, கொச்சிக்குக் கடல்வாயைத் திறந்துவிட்டது. வந்த வண்டல் சேர்ந்து எதிரே வைப்பின் தீவு எழும்பியது என்பது ஊர் வழக்கு. தீவுக்காரர்கள் அதோடு விட்டார்களா? அந்த வருடத்திலிருந்தே 'புதுவைப்பு' என்று தனி ஆண்டுக்கணக்கு தொடங்கிவிட்டார்கள். பேட்டரி செத்த பழைய கம்ப்யூட்டர், உலகம் 1980 ஜனவரி 1-இல்தான் பிறந்தது என்று கூசாமல் தேதி காட்டுமே, அந்தத் தைரியம்.

இனி வாசல் விவகாரம். பழைய பாணிக் கம்ப்யூட்டர் கண்விழித்ததும் டிஸ்கின் முதல் 512 பைட்டைத்தான் படிக்கும். அதில் பார்ட்டிஷன் பட்டாவுக்கு 64, கடைசி முத்திரைக்கு 2 போக மிச்சம் 446. பூட் லோடர் அதற்குள்தான் உட்கார வேண்டும். உள்ளே எத்தனை பெரிய சாம்ராஜ்யம் இருந்தாலும் சரி, இந்தத் திண்ணையில் இருப்பவன் யாரைக் கைகாட்டுகிறானோ அவன்தான் அன்றைக்கு ராஜா. கொச்சியின் 446 பைட், வைப்பினுக்கும் ஃபோர்ட் கொச்சிக்கும் நடுவே உள்ள முகத்துவாரம்.

1500-இல் போர்ச்சுகீசியக் கப்பல் தலைவர் கப்ரால் கோழிக்கோட்டில் சண்டை போட்டுவிட்டு இங்கே வந்தார். கொச்சி ராஜாவுக்குக் கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியின் தொல்லை தாங்கவில்லை. இருக்கிற சிஸ்டம் படுத்துகிறதே என்று இன்னொன்றை இன்ஸ்டால் செய்யும் எல்லோருக்கும் உள்ள அதே காரணம். 1503-இல் போர்ச்சுகீசியரை ஒப்படைக்கச் சொல்லிச் சாமூதிரி படையெடுத்தார். ராஜா மறுத்தார், ஊரைக் கொளுத்தினார்கள், ராஜா தன் வெள்ளைக்கார விருந்தாளிகளோடு வைப்பினுக்குத் தப்பினார். டிஸ்க் எழுந்திருக்க மறுக்கும்போது பென் டிரைவிலிருந்து எழுப்புவார்களே, அந்த வித்தை அன்றைக்கே அரங்கேறிவிட்டது. செப்டம்பரில் பிரான்சிஸ்கோ டி அல்புகெர்க்கி கப்பலோடு வந்து ராஜாவைத் திரும்ப உட்காரவைத்தார். ரிப்பேருக்கு வந்தவர் கூலியாகக் கோட்டை கட்ட இடம் கேட்டார். கொடுத்தார்கள். 1505-இல் அல்மெய்டா ஒரு பொற்கிரீடமும் கொண்டுவந்து சூட்டினார்.

அப்புறம் நடந்தது விண்டோஸ் நடத்துகிற அதே நாடகம். லினக்ஸ் இருக்கிற மெஷினில் அந்தக் காலத்து விண்டோஸை ஏற்றினால், அது திண்ணையைத் துடைத்துத் தன் பெயரை எழுதிக்கொள்ளும். லினக்ஸ் எங்கேயும் போயிருக்காது, பார்ட்டிஷனில் பத்திரமாக இருக்கும். மெனுவில் மட்டும் பெயர் இராது. ராஜாவும் மட்டாஞ்சேரியில் பத்திரமாக இருந்தார். 1555 வாக்கில் போர்ச்சுகீசியரே அரண்மனை கட்டிக் கொடுத்தார்கள். பக்கத்திலேயே 1568-இல் யூதர்கள் ஜெபாலயம் கட்ட ராஜா இடம் கொடுத்தார், கோவாவிலிருந்து ஓடிவந்த கொங்கணிகளையும் சேர்த்துக்கொண்டார். அதாவது எல்லாரையும் தேடிப் பிடித்துப் பட்டியலில் போடும், லினக்ஸின் பூட் லோடரான க்ரப்பின் குணம் அவருக்கு இருந்தது. திண்ணைதான் இல்லை.

க்ரப்பில் கடவுச்சொல் கேட்கும் இடத்தில் பேக்ஸ்பேஸை 28 தடவை அமுக்கினால் உள்ளே போய்விடலாம் என்று 2015-இல் வலென்சியாவில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். டச்சுக்காரர்களுக்குக் கொச்சிக் கோட்டையில் இரண்டு தடவை போதுமானதாக இருந்தது. 1662-இல் முற்றுகை தோற்றது. திரும்பும்போது ஒரு காவல்படையை எங்கே விட்டுப் போனார்கள்? வைப்பினில்தான். பென் டிரைவ் யார் கையில் இருந்தாலும் வேலை செய்யும்! மழைக்காலம் கழிந்து வந்து, 1663 ஜனவரியில் கோட்டையைப் பிடித்துவிட்டார்கள்.

பிடித்த கையோடு கொச்சி ராஜா வீரகேரள வர்மாவுக்கு மறுபடி ஒரு பொற்கிரீடம். இதில் டச்சுக் கம்பெனியின் முத்திரை. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது பரவிய செக்யூர் பூட் இதுதான் என்று நான் சத்தியம் செய்வேன்: கையெழுத்தில்லாத எதுவும் எழுந்திருக்கக் கூடாது. லினக்ஸ்காரர்கள் சண்டை போட்டுப் பார்த்துவிட்டு, ஷிம் என்றொரு சின்ன நிரலை எழுதி, மைக்ரோசாஃப்டிடமே கையெழுத்து வாங்கி, அதன் முதுகில் ஏறி உள்ளே வருகிறார்கள். கிரீடம் உன்னுடையது, முத்திரை என்னுடையது. முத்திரை வைத்தவன் மனம் மாறினால்? 2024 ஆகஸ்டில் ஒரு விண்டோஸ் அப்டேட் பழைய ஷிம்களைச் செல்லாக்காசாக்கியது. இரட்டைக் குடித்தனக்காரர்கள் பலருக்குத் திரையில் வந்த செய்தி: ஏதோ பயங்கரமாகத் தவறிவிட்டது. ராஜாக்களுக்கு இவ்வளவு நேர்மையான அறிவிப்புக்கூட வந்ததில்லை.

போர்ச்சுகீசியர் கட்டிய அரண்மனையை டச்சுக்காரர்கள் பழுதுபார்த்தார்கள். இன்றுவரை ஊர் அதை 'டச்சு அரண்மனை' என்கிறது. மெனுவில் லேபிளை மாற்றத் தெரிந்தவனுக்கே புகழ். புனித பிரான்சிஸ் தேவாலயத்தின் கதை இன்னும் மோசம்: கத்தோலிக்கம், டச்சுச் சீர்திருத்த சபை, ஆங்கிலிகன் என்று ஒரே பார்ட்டிஷனை மாற்றி மாற்றி ஃபார்மட் செய்தார்கள். அங்கே 1524-இல் புதைத்த வாஸ்கோ ட காமாவை மட்டும் வீட்டார் 1539-இலேயே போர்ச்சுகலுக்கு பேக்கப் எடுத்துவிட்டார்கள். குடும்பத்தில் புத்திசாலிகள் இருந்திருக்கிறார்கள்.

1795-இல் ஆங்கிலேயர் வந்தார்கள். இவர்களுக்கு டூயல் பூட்டில் நம்பிக்கையே கிடையாது. 1806-இல் கோட்டையையே வெடிவைத்துத் தகர்த்தார்கள். 'நிச்சயமாக அழிக்கவா?' என்ற கேள்விக்குப் படிக்காமலே 'ஆம்' அமுக்குகிற ஜாதி. 1814 ஒப்பந்தத்தில் டச்சுக்காரர்கள் கொச்சியை முறைப்படி எழுதிக்கொடுத்துவிட்டு, பதிலுக்குச் சுமத்ராவுக்குப் பக்கத்தில் வெள்ளீயம் விளையும் பங்கா தீவை வாங்கிக்கொண்டார்கள். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கேள்விப்பட்டிருக்கிறோம். பழைய துறைமுகத்துக்கு ஈயம் இதுதான் முதல் தடவை.

பட்டாளத்து உடுப்பு வெளுக்க டச்சுக்காரர்கள் நம் பக்கத்திலிருந்து வண்ணார்களைக் கூட்டிவந்தார்கள் என்பார்கள். அவர்கள் வழிவந்த தமிழ்க் குடும்பங்கள் ஃபோர்ட் கொச்சி தோபிகானாவில் இன்னும் வெளுக்கின்றன. சிஸ்டத்தைக் கழற்றி இருநூறு வருடத்துக்கு மேலாகிறது. பின்னணியில் அந்த ஒரு புரோசஸ் மட்டும் ஹேங் ஆகாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.