மூணு வருசத்துக்கே பிளக்ஸா, மக்கா?

லேய் மக்கா, இஞ்ச வா. முக்குல ஒனக்குப் பிளக்ஸ் கட்டியிருக்கானுவளே, பாத்தேன். கோட்டென்ன, டையென்ன, கையைக் கட்டிக்கிட்டு நிக்க நிலையென்ன! ‘நவீனக் கல்விச் சிற்பி’யாம். வாத்தியார் வேலைக்குப் போயி எத்தனை வருசம் ஆச்சு? மூணு. மூணு வருசத்துல என் வயல்ல கன்னிப்பூ மூணு, கும்பப்பூ மூணு, ஆக ஆறு பூ அறுத்தாச்சு. ஒரு பூவுக்காவது நான் படம் போட்டேனா?

மூஞ்சியத் தூக்காத. கேளு.

சுசீந்திரத்துக்குப் பக்கத்துல தேரூரு தெரியும்லா? அங்க 1876-ல பொறந்தாரு தேசிக விநாயகம் பிள்ளை. ஆமா, கவிமணிதான். பாட்டுக்காரர்னுதான் ஒனக்குத் தெரியும். சோறு போட்டது வாத்தியார் வேலை, டே. 36 வருசம்! கோட்டாத்து ஆரம்பப் பள்ளிக்கூடத்துல பொடியன்மாருக்குப் பாடம். பொறவு நாரோயில் போதனாமுறைப் பாடசாலையில வாத்தியாராப் போறவனுக்கே பாடம். அப்புறம் திருவனந்தபுரத்துல பெண்பிள்ளையளுக்கு. 1931-ல ஓய்வு வாங்கிட்டு, பெண்டாட்டி ஊரு புத்தேரியில வந்து உக்காந்தாரு.

அன்னைக்கு நம்ம மண்ணு திருவிதாங்கூர். சின்னதுல பள்ளிக்கூடத்துல அவரு படிச்சது மலையாளம். தமிழைச் சாந்தலிங்கத் தம்பிரான் கிட்டப் போயிப் படிச்சாரு. ஒனக்கு போன்ல நாலு ஆப்பு, சுவத்துல ஸ்மார்ட் போர்டு.

அன்னைக்கு என்ன சொன்னே? போர்டு இல்லாம பசுவை எப்படி நடத்துகதுன்னு கேட்டேல்லா? கறண்டு போனா ஒன் பசு அணைஞ்சு போகும், மக்கா. அவரு பசுவையும் கன்னுக்குட்டியையும் பாட்டா எழுதினாரு. பால்வாடிப் பிள்ளையும் பாடுகு, பல்லுபோன கெழவியும் பாடுகா. அதுல அப்படி என்ன அதிசயம்? கன்னுக்குட்டி துள்ளும், தாய் நக்கும். எந்தத் தொழுவுலயும் நடக்கதுதான். நின்னு பாத்தாரு, அம்புடுதான். நீ தொழுவுல கால் வச்சா செருப்புல சாணி படுமே!

இன்னொண்ணு. வாத்தியார்னா வாயைப் பொத்திக்கிட்டு கெடக்கணும்னு நெனைக்கே. அப்ப நாஞ்சில் நாட்டு வெள்ளாளனுக்கு மருமக்கள் வழி. மாமன் சொத்து மருமவனுக்கு. பெத்த பிள்ளை கையை நீட்டிக்கிட்டு நிக்கணும். புருசன் கண்ணை மூடினா பெண்டாட்டி தெருவுல. சர்க்கார் சம்பளம் வாங்குக இந்த வாத்தியாரு, சொந்தச் சாதிக்காரன் அடுப்படியையே பாட்டாக்கிப்போட்டாரு. யார் வாயில வச்சு? குடும்பத்துக்குத் தலைவனான ஒரு காரணவனுக்க அஞ்சாம் பெண்டாட்டி வாயில! அந்தப் பாட்டுதான் மருமக்கள்வழி மான்மியம். 1917, 18-ல பத்திரிகையில தொடராட்டு வந்து. படிச்சவன் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சான். வீட்டுக்குப் போனா அதே கதை கதவைத் தொறந்து விட்டிருக்கும், பாவம். 1926-ல சட்டமே வந்து, மக்கள்மாருக்குப் பங்கு கெடச்சு. பாட்டுனாலதான் வந்துன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். பாடுபட்டவன் பலபேரு உண்டு. ஆனா தன்னைப் பாத்தே ஒருக்கா சிரிச்சவன், பொறவு எந்த மொகத்தோட எதுத்துப் பேசுவான்?

பட்டமா? கவிமணிங்கிற பேரே 1940-லதான். ஓய்வு வாங்கி ஒம்பது வருசம் கழிச்சு, 64 வயசுல. பட்டணத்துக்குக் கூப்பிட்டுக் குடுத்தாவ. அவரு எழுதின ஆசிய ஜோதி புஸ்தகமா வந்ததும் பென்சன் காலத்துலதான். பள்ளிக்கூடத்துல நின்ன அந்த 36 வருசமும் பிளக்ஸ் இல்லாமத்தான் ஓடிச்சு. அதுக்காக எந்தப் பிள்ளைக்காவது கணக்கு வராமப் போச்சா?

1954 செப்டம்பர்ல போய்ச் சேந்துட்டாரு. நம்ம கன்னியாகுமரி ஜில்லா தமிழ்நாட்டோட சேந்தது 1956 நவம்பர் 1. ரெண்டு வருசம் சொச்சம் இருந்திருந்தா அதையும் பாத்திருப்பாரு. எனக்கு அது ஒரு கொறைதான்.

சரி, எந்திரி. நாளைக்கு மொதப் பீரியடு ஒனக்குத்தானே? போற வழியில அந்தப் பிளக்ஸை அவுத்து இஞ்ச போட்டுட்டுப் போ. தொழுவு ஓடு ஒழுகு. படம் உள்ள பக்கத்தைக் கீழ பாத்து வச்சுக் கட்டுகேன். நீதான் பசுவைப் பாக்க மாட்டேங்கே, பசுவாவது ஒன்னப் பாத்துக்கிடட்டும்.